அந்நியர் கேட்டால் என்ன விலை

முட்டை அலமாரிக்கு முன்னால் ஆர்லீன் நின்றுகொண்டிருந்தாள். கையில் எழுதும் அட்டை, அதில் செருகிய தாள், காதில் பென்சில். ஒரு டஜன், பெரிய அளவு, வெள்ளை. பழுப்பு முட்டை கணக்கில் வராது. மேலே மஞ்சள் சீட்டில் கொட்டை எழுத்தில் ஒரு விலை தொங்கியது. அது கடையின் உறுப்பினர்களுக்கான சலுகை, அதுவும் கணக்கில் வராது. அதற்குக் கீழே எறும்பு ஊர்வதுபோலச் சின்னதாக அச்சடித்திருந்த விலைதான் அவளுக்கு வேண்டியது. நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கி, குனிந்து பார்த்து எழுதினாள். பக்கத்தில் வண்டி தள்ளி வந்த கிழவர் அதைப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, முட்டைய இனிமே எழுதி வெச்சுத்தான் பாத்துக்கணும். வாங்கித் திங்கிற வெலையிலயா இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆர்லீனுக்குச் சிரிப்பு வந்தது.

இருபத்தெட்டு வருஷமாக அவள் செய்துவருகிற வேலை இது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை. சீடர் ராப்பிட்ஸ் நகர வணிகர் சங்கத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்கி, ரொட்டி, பால், பற்பசை, டென்னிஸ் பந்து, பல் மருத்துவர் கட்டணம் என்று அறுபது சாமான்களின் விலையை எழுதி அனுப்புவாள். இதேபோல முந்நூறு ஊர்களில் முந்நூறு பேர் எழுதுவார்கள். எல்லாவற்றையும் எங்கேயோ ஓர் அலுவலகத்தில் கூட்டிக் கழித்து, எந்த ஊரில் வாழ எவ்வளவு ஆகும் என்று பட்டியல் போடுவார்கள். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, பெட்ரோல் காசும் வருஷக் கடைசியில் ஒரு விருந்தும். ஆனால் ஆற்றிலே போட்டாலும் அளந்து போடுகிற ரகம் அவள். விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்த ஒரு வரியை வேதமாகப் பிடித்துக்கொண்டுவிட்டாள்: தெரிந்தவர் விலை வேண்டாம், அந்த ஊருக்குப் புதிதாக வந்த ஓர் அந்நியர் கேட்டால் என்ன விலையோ அதை எழுது.

இன்றைக்குத்தான் கடைசியோ என்னவோ. வீட்டை வாங்க ஒரு பள்ளிக்கூட ஆசிரியையும் அவள் கணவனும் வந்து பார்த்துவிட்டு, கேட்ட விலைக்கே ஒப்புக்கொண்டு போயிருந்தார்கள். சரியா இல்லையா என்பதை இன்று மாலை ஐந்து மணிக்குள் தரகரிடம் சொல்லிவிட வேண்டும். சரி என்றால் சான் டியேகோ. அங்கே மகள் டெனிஸ் இருக்கிறாள். நாற்பத்தொரு வயதில், பக்கத்தில் ஆண்துணை இல்லாமல், ஏழு மாத வயிற்றோடு இருக்கிறாள். போன மாதம் ஆர்லீன் வாசல் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டதிலிருந்து மகள் விடவில்லை.

"நீ இங்க வந்துடும்மா. எனக்கும் ஆச்சு, உனக்கும் ஆச்சு. வீட்ட வித்தாத்தான் பின்னால ஒரு அறை கட்ட முடியும், அது வாஸ்தவம். நான் ஒளிக்கல. இந்த ஊரு வெல அப்படி. நீ அங்க நாப்பதாயிரத்துல வாழற வாழ்க்கைக்கு இங்க அறுபத்தஞ்சாயிரம் வேணுமாம். இப்பத்தான் ஒரு பட்டியல்ல பாத்தேன்."

"அந்த நாப்பதாயிரத்த எழுதினவளே நான்தான்டி."

கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். அம்மாவும் பெண்ணும் போனின் இரண்டு பக்கமும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் டெனிஸ், "போனா திரும்பி வர முடியாதேன்னு யோசிக்கிற, இல்ல?" என்று கேட்டாள். வீட்டை விற்றுவிட்டால் அந்தப் பணம் மகளின் கொல்லைப்புறத்தில் சுவராகிவிடும். பிறகு இந்த ஊரில் காலை ஊன்ற ஓர் இடம் இருக்காது. அந்தக் கணக்கு ஆர்லீனுக்கு யாரும் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

கடைகளை முடித்து வீட்டுக்கு வரும்போது மணி மூன்றரை. ஆற்றோரத்து ஆலையில் ஓட்ஸ் வேகும் வாடை ஊர் முழுக்க இறங்கியிருந்தது. காலணியைக் கழற்றி, காபி வைத்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து தொலைபேசியில் கேட்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாக முடித்தாள். பல் மருத்துவர். நாய் மருத்துவர். பந்துருட்டு விளையாட்டு அரங்கம். கடைசியாக ஆண்களுக்கு முடிவெட்டு, ஐந்து கடைகள். நான்கு கிடைத்துவிட்டன. ஐந்தாவது எண்ணை அழுத்தினால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு குரல். அந்தக் கடையை நடத்திய கிழவர் முழங்கால் வலிக்கு வெயில் தேடி அரிசோனா போய்விட்டதாக யாரோ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தாளில் ஐந்தாவது கடைக்கான பெட்டி காலியாக இருந்தது. நான்கு கடையோடு அனுப்பினால் கணக்கு செல்லாது. இந்த ஊரில் அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த முடிவெட்டும் கடை எண் இன்னும் ஒன்றுதான் இருந்தது. இரண்டு வருஷமாக அந்த எண்ணை அவள் தொடவில்லை.

அது டுவைனின் கடை. டுவைன் அவள் கணவன்.

முதன்முதலில் அவனிடம் விலை கேட்க வேண்டி வந்தபோது ஆர்லீன் திண்டாடித்தான் போனாள். கணவனின் விலையை வீட்டிலேயே எழுதிக்கொண்டால் அது அந்நியர் கேட்ட விலை ஆகுமா? ஆகாது. அதனால் சமையலறையிலிருந்து கடைக்குப் போன் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கங்க. ஆம்பளைங்களுக்கு முடிவெட்ட என்ன வாங்கறீங்க?" என்று கேட்டாள். காலையில்தான் அவள் பொரித்துப் போட்ட முட்டையைத் தின்றுவிட்டுப் போயிருந்தான். ஆனாலும் டுவைன் மிக மரியாதையாக, "ஏழு டாலருங்க மேடம். நீங்க ஊருக்குப் புதுசுங்களா?" என்றான்.

"ஆமாங்க."

"இங்கயே தங்கற யோசனைங்களா?"

"இன்னும் முடிவு பண்ணலைங்க. வெலவாசியெல்லாம் பாத்துட்டுத்தான்."

"அவசரமில்லைங்க. நாற்காலி எங்கயும் போயிடாது."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் ஒன்றும் நடக்காததுபோல உருளைக்கிழங்கைத் தட்டில் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு ஒரு பொம்பள போன் பண்ணாடி. குரலு நல்லா இருந்துச்சு. இந்த ஊருக்கு வந்துட்டா உன் பாடு திண்டாட்டம்தான்" என்றான். அன்றிலிருந்து வருஷத்துக்கு மூன்று முறை அதே கேள்வி, அதே பதில், விலையைத் தவிர ஒரு சொல் மாறாது. சண்டை போட்டுப் பேசாமல் இருந்த வாரத்தில்கூட அந்தப் போன் மட்டும் நடந்தது. இரண்டு அந்நியர்களுக்குள் என்ன சண்டை?

ஒரே ஒரு முறை விதி தவறினாள். 2008 ஜூனில் ஆறு கரை புரண்டு ஊருக்குள் வந்து, கடை கூரை வரை முழுகிப்போனது. டுவைன் ஒரு மடக்கு நாற்காலியைத் தேவாலயத்து வாகன நிறுத்தத்தில் போட்டு, வீடு இழந்து வந்தவர்களுக்கெல்லாம் முடி வெட்டிக்கொண்டிருந்தான். ஜூலையில் அவள் வழக்கப்படி, அந்த முறை அவன் கைபேசியில், கூப்பிட்டு விலை கேட்டாள். "இப்போதைக்கு சும்மாதாங்க" என்றான். விதிப்படி பூஜ்ஜியம் எழுத வேண்டும். பூஜ்ஜியத்தைப் பார்த்தால் மேலிடத்தில் பிழை என்று நினைத்துத் திருப்பி அனுப்புவார்கள். ஒன்பது என்று எழுதினாள். இத்தனை வருஷத்தில் அந்தத் தாளில் அவள் எழுதிய பொய் அது ஒன்றுதான். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வெட்கம் வருவதில்லை, அழுகைதான் வரும்.

கணையத்தில் நோய் என்று தெரிந்த பிறகு டுவைன் கடையை மரிசெலா என்ற பெண்ணுக்கு விட்டான். கெட்டிக்காரி, கை சுத்தம் என்பான். பத்திரத்தில் கையெழுத்துப் போட ஆர்லீனும் போயிருந்தாள். அவன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தத் தெருப் பக்கமே அவள் காரை ஓட்டவில்லை. சுற்றிக்கொண்டு போவாள்.

மணி நாலு முப்பத்தைந்து. காலிப் பெட்டி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுதாமல் விடலாம். போன முறை விலையைப் போட்டு ஒப்பேற்றலாம், யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் கை கேட்கவில்லை. எண்ணை அழுத்தினாள்.

மணி நான்கு முறை அடித்தது. "சொல்லுங்க, முடிவெட்டும் கடை." பெண் குரல். பின்னால் கத்தரிச் சத்தமும் யாரோ இருமுவதும் கேட்டன.

ஆர்லீன் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "வணக்கங்க. ஆம்பளைங்களுக்கு முடிவெட்ட என்ன வாங்கறீங்க?"

கத்தரிச் சத்தம் நின்றது. போனை வைத்துவிட்டாளோ என்று ஆர்லீன் நினைத்தாள்.

"இருபத்தாறு டாலருங்க மேடம்." குரல் மிக மரியாதையாக வந்தது. "நீங்க ஊருக்குப் புதுசுங்களா?"

ஆர்லீனின் கையிலிருந்த பென்சில் மேஜையில் உருண்டு போய்க் காபிக் கோப்பையில் முட்டி நின்றது.

"ஏம்மா, இது உனக்கு..."

"அவரு ஒரு சீட்டு எழுதி போனுக்குப் பக்கத்துல ஒட்டிட்டுப் போனாருங்க." மரிசெலா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வருஷத்துக்கு மூணு வாட்டி ஒரு பொம்பள கூப்பிடும். வெலைய உள்ளபடி சொல்லு, குறைச்சுச் சொன்னா அதுக்குப் பிடிக்காது. அப்புறம் கீழ இருக்கறத வரிசையாக் கேளு. சிரிக்காத. இவ்வளவும் எழுதியிருக்கு. நானும் ரெண்டு வருஷமாக் காத்துக்கிட்டே இருக்கேன். நீங்க கூப்பிடவே இல்ல. சுவத்துக்கு வெள்ளையடிக்கிறப்பக்கூட அந்தச் சீட்ட மட்டும் விட்டுட்டுத்தான் அடிச்சோம்."

ஆர்லீனுக்கு எதிரே சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. டுவைனை உலுக்க வேண்டும்போல இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. செத்துப் போகிற மனுஷன் செய்கிற காரியமா இது? மருந்துக்கும் வாந்திக்கும் நடுவே எப்போது உட்கார்ந்து இதை எழுதினான்? அவளிடம் மூச்சு விடவில்லையே.

"இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்குங்க. கேக்கட்டுங்களா?"

"கேளும்மா."

"இங்கயே தங்கற யோசனைங்களா?"

எழுபது எண்பது முறை சொன்ன பதில்தான். நாக்கு நுனியில் இருந்தது. அத்தனை முறையும் வெறும் விளையாட்டாகச் சொன்னது. வீடு இருந்தது, அவன் இருந்தான், முடிவு எப்போதோ ஆகிவிட்டிருந்தது, அதனால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. மேஜையில் தரகரின் காகிதமும் விலைத் தாளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. மகள் அனுப்பியிருந்த வயிற்றுப் படம் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தில் ஒட்டியிருந்தது.

"இன்னும் முடிவு பண்ணலைங்க" என்றாள் ஆர்லீன். முதல் முறையாக அது உண்மையாக இருந்தது. "வெலவாசியெல்லாம் பாத்துட்டுத்தான்."

"அவசரமில்லைங்க," மரிசெலா சீட்டைப் பார்த்து மெதுவாகப் படித்தாள். "நாற்காலி எங்கயும் போயிடாது."

அதோடு சீட்டு முடிந்துவிட்டது போலிருந்தது. ஆனால் அந்தப் பெண் போனை வைக்கவில்லை. அதைத் துண்டிக்காமல் பக்கத்தில் எங்கோ மேஜைமேல் வைத்த சத்தம் கேட்டது. பிறகு கத்தரி மறுபடி ஆரம்பித்தது. யாரோ ஓர் ஆளின் பிடரியில், நிதானமாக, க்ளிக், க்ளிக் என்று.

மணி நாலே முக்கால். தரகருக்குச் சொல்ல இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஆர்லீன் பென்சிலை எடுத்து ஐந்தாவது பெட்டியில் இருபத்தாறு என்று எழுதினாள். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடுத்த கத்தரிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.