காப்பித்தூள் மலையில் ஒரு வுல்ஸ்லி

பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடினால் அத்தானுக்குக் கதாநாயகி கண்ணில் படமாட்டாள். பின்னால் நிற்கும் கார்தான் படும். "நிறுத்து, நிறுத்து! ஹில்மேன்!" என்று கத்துவார். வீடே வாயைப் பிளந்து கேட்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கை காட்டியது ஹில்மேனே இல்லை. அவருடைய மச்சினிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. நாள் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் விரிசல் தேடும் கண்.

"அத்தான், முன்பக்கம் சின்னதா ஒரு முத்திரை எரியுது பாருங்க. அது வுல்ஸ்லி."

"எலும்பைப் பாத்துச் சொல்லும்மா, ஒத்துக்கறேன். இரும்பை என்கிட்ட விட்டுடு."

எல்லாரும் சிரித்தார்கள். கூடப் பிறந்த அக்காவும் சிரித்ததுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் விரலளவு பொம்மைக் கார் ஒன்று வாங்கினாள். சாப்பாட்டு மேஜையில் காப்பித்தூளைக் குவித்து மலைப்பாதை போட்டாள். காரை அதில் நிறுத்திப் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, கொஞ்சம் கலங்கலாக்கி, குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாள்: "எந்த வண்டி? எந்தப் படம்?"

நாலே நிமிடத்தில் அத்தானிடமிருந்து பதில். "வுல்ஸ்லி! இதுகூடத் தெரியாதா? படத்தோட பேர் நாக்கு நுனியில இருக்கு. கடைசியில இந்த வண்டி மலையிலேருந்து உருளும்."

நேற்றுவரை தெரியாத வுல்ஸ்லி! அவள் சிரித்து முடிப்பதற்குள் பெரியப்பாவின் குரல்பதிவு வந்தது: "அது உருண்டப்ப நான் தியேட்டர்லயே அழுதுட்டேன்." சித்திக்கு அந்தப் படத்தின் பாட்டே ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு வரி பாடி அனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு அவள் பொம்மையைக் கொண்டுபோய் அத்தான் முன்னால் வைத்தாள். "இந்தாங்க, உங்க வண்டி. மலை எங்க வீட்டுக் காப்பித்தூள்."

அத்தான் காரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். காது மட்டும் சிவந்தது.

"பொம்மை நல்லாத்தான் இருக்கு. ஆனா படத்துல வந்ததுக்கு விளக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும்."

"அத்தான்! அப்படி ஒரு படமே கிடையாது!"

"அப்போ நான் எதுக்கு அழுதேன்?" பெரியப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "கிடையாதாம்ல! ஒழுங்காத் தேடிப் பாரு."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த முறை தங்கையைப் பார்த்தல்ல, புருஷனைப் பார்த்து. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறொரு படத்தைப் போட்டாள். பத்தாவது நிமிடத்தில் ஒரு கார் வளைந்து வந்து நின்றது. அத்தான் வாயைத் திறந்தார், மூடினார், மச்சினியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"நீ என்னம்மா நினைக்கறே?"

"முதுகு வண்டு மாதிரி சரிஞ்சு இறங்குதே. ஸ்டாண்டர்டு வேன்கார்டு."

"நிறுத்து, நிறுத்து!" என்று எல்லாரையும் பார்த்துக் கத்தினார் அத்தான். "ஸ்டாண்டர்டு வேன்கார்டு!"