விலங்கியல் துறையில் கொளஞ்சியம்மாள்

சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியின் விலங்கியல் துறையில், ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத கொளஞ்சியம்மாள் என்ற எழுபத்திரண்டு வயதுப் பெண்மணி சென்ற ஜூனிலிருந்து ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் வேலை பார்த்தார். அதே ஜூனில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த முனைவர் நௌஷீன் ஒரு நாள்கூட வரவில்லை. வருகைப் பதிவு மெஷின் அப்படித்தான் சொன்னது. மெஷின் சொல்லிவிட்டால் நம் ஊர் ஆபீஸ்களில் அது வேதவாக்கு.

தினமும் ஒன்பதே காலுக்கு விரல் வைத்தது நௌஷீன்தான். வலது கட்டைவிரலை வைத்தால் கொளஞ்சியம்மாள் என்று எழுத்து வரும், 'தேங்க் யூ' என்று ஒரு பெண்குரல் சொல்லும். அவர் பரங்கிப்பேட்டையில் நௌஷீன் படித்த பள்ளியின் சத்துணவு ஆயா. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதைக் குழந்தையின் முகத்திலேயே பார்த்துவிட்டு, சோற்றுக்கடியில் இன்னொரு முட்டையை மறைத்து வைப்பார். ஆட்காட்டி விரலுக்கு ஜமாலுதீன் வந்தார். அவளுக்காக டவுன் பஸ்ஸை மூன்று வருஷம் தினமும் நாலு நிமிஷம் நிறுத்தி வைத்து, பஸ் முழுக்க ஏச்சு வாங்கிய டிரைவர். நடுவிரலுக்கு ராபர்ட். தன் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரை மத்தியானங்களில் அவளுடைய ஆய்வேட்டுக்கு விட்டுக்கொடுத்தவர். இந்தப் பெயர்களை யாரும் மெஷினில் ஏற்றவில்லை.

ஒரு விரலிலாவது தன் பெயர் வராதா என்று பத்தையும் வைத்துப் பார்த்தாள். கடைசியாக இடது சுண்டுவிரலில் நசீர் மாமா வந்தார். பொட்டப்புள்ளைக்கு எதுக்கு காலேஜு என்று குடும்பமே கூடியிருந்தபோது கேட்டவர். அந்த ஆத்திரத்தில்தான் அவள் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள், உண்மைதான். அதற்காக அந்த மனுஷனுக்கும் ஒரு விரலா? அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆபீஸ் சூப்பிரண்டு உத்திராபதி ஒன்பது மாதம் தும்பை விட்டுவிட்டு மார்ச்சில் வாலைப் பிடித்தார். மெஷினை இரண்டு முறை மாற்றினார். புது மெஷினும் கொளஞ்சியம்மாளுக்கே நன்றி சொன்னது. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். 'இவருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று கொளஞ்சியம்மாள் எழுதிக் கொடுத்தால் அந்தப் பெயரை நீக்கிவிடலாம். முப்பத்தொன்றாம் தேதிக்குள் கடிதம் வராவிட்டால் நௌஷீனின் வேலை நிரந்தரமாகாது.

"படிச்சது நானு, பரிச்ச எழுதுனது நானு. எம்பேரு எங்க சார்?" என்றாள்.

"அத மெஷினத்தான் கேக்கணும் மேடம்."

கடிதத்தை டைப் அடித்துக்கொண்டு, கொளஞ்சியம்மாள் இருக்கும் கிள்ளைக்குப் போனாள். பதினாறு வருஷமாக அந்தப் பக்கமே போகாதவள். கொளஞ்சியம்மாள் வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். கதையைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"குடு பாப்பா, கைநாட்டு வெக்கிறேன். ஒனக்கு வேல நெலச்சா போதும்."

கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தார். தாளில் ஒரு கோடுகூட இல்லாமல் நீலமாக ஒரு பொட்டு விழுந்தது. ரேகையெல்லாம் எப்பவோ போச்சு, ரேஷன் கடையிலும் விரல் எடுக்கவில்லை, மூன்று மாதமாக அரிசி வாங்கவில்லை என்று, மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னார்.

நௌஷீன் அந்தப் பொட்டைப் பார்த்தாள். அதற்கு மேலே தான் டைப் அடித்த வரியை ஒரு தடவை படித்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கடிதத்தை நாலாகக் கிழித்து இறால் தோலோடு போட்டாள்.

"ஆயா, கார்ட எடுங்க. நான் வாங்கியாறேன்."

ரேஷன் கடையில் கட்டைவிரலை வைத்தாள். முதல் தடவையிலேயே பில் வந்தது. கடைக்காரர் அரிசியை நிறுத்துப் போட்டார்.

கடிதமில்லாமலே முப்பத்தொன்றாம் தேதி போனது. ஏப்ரலில் நிர்வாகத்திடமிருந்து ஆணை வந்தது: ஒரு நாளும் தவறாமல் வந்த கொளஞ்சியம்மாள் விலங்கியல் துறையில் நிரந்தரமாக்கப்படுகிறார். பெயரைத் திருத்த மனு போடலாம் என்று உத்திராபதி இரண்டு தடவை கூப்பிட்டுச் சொன்னார். நௌஷீன் வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஆணையைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். பிள்ளைகள் அவளைக் கொளஞ்சி மேடம் என்கிறார்கள், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை கிள்ளை ரேஷன் கடையில் விரல் வைத்து, அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்து, முட்டைக் குழம்பு சாப்பிட்டுவிட்டு வருகிறாள். சோற்றுக்கடியில் இன்றைக்கும் இன்னொரு முட்டை இருக்கிறது. பெருநாளுக்கு மருதாணி மட்டும், இடது சுண்டுவிரலை விட்டுவிட்டு, ஒன்பது விரலுக்குத்தான் வைக்கிறாள்.