தட்டிப் பார்க்காத இடம்

மரியரட்ணத்தின் டட்சன் ஜுனைட்டின் கராஜுக்கு இரண்டாம் முறை வந்தபோது அதில் முன்பக்க இடது சில்லு இருக்கவில்லை.

முதல் முறை வந்தது போன மே மாதம். அன்று அதை ஓட்டி வந்தவன் மரியரட்ணத்தின் மகன் றோய். இருபத்து மூன்று வயது. பக்கத்து இருக்கையில் தகப்பன் இருந்தார். ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட அந்தக் காரை மூன்று பனிக்காலம் கனடாவில், விட்பியில் உள்ள தங்கள் வீட்டுக் கராஜில் வைத்து இருவரும் சேர்ந்து எழுப்பியிருந்தார்கள். நிறம் தோடம்பழ மஞ்சள். இப்போது ஜனவரி. இழுவை லொறியின் தட்டில் அது சரிந்து கிடந்தது. வீதி வளைவில் கம்பத்தில் மோதி இறந்த றோயை அடக்கம் செய்து மூன்று மாதமாகியிருந்தது.

ஜுனைட்டின் கராஜ் மில்லிக்கனில், ஒரு கேட்டரிங் சமையலறைக்கும் குளியலறை ஓடு விற்கும் கடைக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு கார் நிற்க இடம். பழைய ஜப்பான் கார்களைத் திருத்துவதில் அவருக்குப் பெயர் உண்டு. மரியரட்ணத்துக்குப் பேசாலை, ஜுனைட்டுக்கு எருக்கலம்பிட்டி. மன்னார்த் தீவில் கிட்டிய ஊர்கள் என்பதால்தான் அவர் விட்பியிலிருந்து இவ்வளவு தூரம் வருகிறார்.

லொறிக்காரன் காரை இறக்கிவிட்டுப் போனான். மரியரட்ணம் உள்ளே வரவில்லை. கதவு வாசலில் பனியில் நின்றபடி பேசினார்.

"பொலிஸ் காரை விட்டிட்டாங்கள். வேகம் காரணமா இருக்கலாம் எண்டு எழுதியிருக்கு. இருக்கலாமாம்."

"உள்ள வாங்கோ அண்ணை. குளிருது."

"நான் கேக்க வந்தது ஒண்டுதான். முன்பக்கச் சட்டம் கறள் பிடிச்சுக் கிடந்தது. அதுக்கு ஒட்டுப் போட்டது நான். அந்த ஒட்டு விட்டதோ, இல்லாட்டி இவன் ஓடின ஓட்டமோ? நீர் பாத்துச் சொல்லும். எனக்கு ஒண்டும் ஒளிக்க வேண்டாம்."

"பாத்திட்டு ஃபோன் எடுக்கிறன்."

"ஃபோனில வேண்டாம். சனிக்கிழமை வாறன்."

அவர் போன பிறகு ஜுனைட் காரை உயர்த்தியில் ஏற்றினார். கீழே நின்று லைற்றைப் பிடித்தார். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை.

முன் சில்லைப் பின்னுக்குப் போகவிடாமல் பிடித்திருப்பது ஓர் இரும்புத் தண்டு. அந்தத் தண்டு பூட்டியிருப்பது காரின் சட்டத்தில். சட்டத்தில் அந்த இடம் கறள் தின்று போயிருந்ததால் மரியரட்ணம் அதன் மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு வைத்து நாலு பக்கமும் வெல்டிங் செய்திருந்தார். பார்க்க அழகான வேலை. சீட்டுக்கட்டைச் சரித்து வைத்தது போல ஒரே அளவாக வரிசை போயிருந்தது. அந்தத் தகடுதான் இப்போது ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. மற்ற மூன்று பக்கமும் கிழியவில்லை, உரிந்திருந்தது. அடியில் சட்டத்தின் இரும்பு உருகியதற்கான அடையாளமே இல்லை. வீட்டுச் சுவர்ச் சொக்கற்றில் பூட்டும் சின்ன மெசினால், உறைகுளிரில், தடித்த இரும்பில் செய்யும் வெல்டிங் இப்படித்தான் இருக்கும். உள்ளே இறங்காது. மேலே படுத்துக் கிடக்கும். பெயின்ற் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

தட்டிப் பார்த்தால் தெரியும்.

ஜுனைட் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்தார். மே மாதம் இந்தக் காருக்கு 'சேஃப்ரி' கொடுத்தவர் அவர்தான். கார் வீதியில் ஓடத் தகுதியானது என்று உரிமம் பெற்ற மெக்கானிக் கையெழுத்திட்டால்தான் இலக்கத் தகடு எடுக்கலாம். அன்றும் இதே உயர்த்தியில்தான் கார் நின்றது. தகட்டைக் கண்டார். சுத்தியலும் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. ஆனால் மரியரட்ணம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், கைகளைப் பின்னால் கட்டி, புதுவீட்டைக் காட்டுகிற மனிதரைப் போல. கறுப்புப் பெயின்ற் அன்றுதான் காய்ந்திருந்தது.

"அங்கிள், அப்பா அடிச்ச வெல்டிங்," என்றான் றோய். "ஆமி ராங்க் மாதிரி. குண்டு போட்டாலும் நிக்கும்."

"உமக்கு எங்க குண்டு தெரியும்? கனடாவில பிறந்த ஆள்," என்றார் ஜுனைட். மூன்று பேரும் சிரித்தார்கள். சுத்தியல் இருந்த இடத்திலேயே இருந்தது.

சனிக்கிழமை மரியரட்ணம் வருவதற்கு முன் ஜுனைட் அந்தத் தகட்டைக் கிறைண்டரால் வெட்டி எடுத்தார். ஒரு பழந்துணியில் சுற்றிப் பணிமேசைக்குக் கீழே தள்ளினார். எறியவும் மனம் வரவில்லை.

"ஒட்டு அப்பிடியே இருந்தது அண்ணை. கம்பத்தில அடிபட்ட பிறகுதான் கிழிஞ்சது. வடிவாப் பாக்க வெட்டி எடுத்தனான்."

இந்தச் சொற்களை அவர் இரண்டு நாள் தயாராக வைத்திருந்தார். கேட்டதும் அந்த மனிதர் அழுவார், அல்லது மூச்சு விடுவார் என்று எதிர்பார்த்தார். மரியரட்ணம் டட்சனின் நசுங்கிய கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அவன்தான்."

"அண்ணை..."

"எத்தினை தரம் சொன்னனான். அந்த வளைவில எழுபதுக்கு மேல போகாதை, போகாதை எண்டு. தாயும் சொன்னவள்." கூரையில் கையால் ஓங்கி அடித்தார். "மடையன். எங்களையும் சாக்காட்டிப் போட்டான்."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். ஜுனைட் வாயைத் திறந்தார். பிறகு, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்டார்.

"வேண்டாம். இதை நொருக்கிறதுக்குக் குடுத்துவிடும். என்ர கண்ணில காட்டாதையும்."

மார்ச் மாதம், ஒரு ஞாயிறு காலை பத்தரைக்கு, மரியரட்ணம் ஃபோன் எடுத்தார். குரலில் முன்பு இல்லாத ஒரு சுறுசுறுப்பு இருந்தது.

"றோய் வேண்டி வச்ச மற்றக் கார் கிடந்ததெல்லே, அந்தப் பச்சைக் கொறோலா? அதை முடிச்சிட்டன். றஜிதாவுக்குக் குடுக்கப் போறன். ஒருக்கா வந்து பாத்திட்டு ஓம் எண்டு சொன்னீரெண்டா நாளைக்கு உம்மட்டக் கொண்டு வாறன். சேஃப்ரி நீர்தான் தர வேணும்."

"நீங்களோ ஒட்டினது?"

"வேற ஆர்? நீர் அண்டைக்குச் சொன்ன பிறகுதான் எனக்குக் கையில தெம்பு வந்தது. அதுக்கு முதல் மெசினைத் தொடவே பயந்தனான்."

ஜுனைட் துணிச் சுற்றைப் பணிமேசைக்குக் கீழிருந்து எடுத்துத் தன் காரின் பின்பெட்டியில் வைத்தார். நானூற்றியோராம் நெடுஞ்சாலையில் கிழக்கே போகும்போது, அதைக் காட்டாமல் இந்தக் காரியத்தை முடிக்க என்ன வழி என்றே யோசித்துக்கொண்டு போனார்.

புதிதாகக் கட்டிய வீடுகள், ஒன்றைப் போலவே மற்றது. மரியரட்ணத்தின் வீட்டில் மட்டும் கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே காஸ் ஹீட்டர் இரைந்தது. பச்சைக் கொறோலா நான்கு தாங்கிகளில் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் குளிர் ஜக்கற்றோடு றஜிதா இருந்தாள். றோயின் தங்கை, பத்தொன்பது வயது. ஸ்டியரிங்கில் ஃபோனைச் சாய்த்து வைத்திருந்தாள்.

"ஹாய் அங்கிள். இதுக்கு ஹீட்டர் வேலை செய்யுமா? அப்பா ஜக்கற் போட்டுட்டு ஓடட்டாம். லைக், சீரியஸா."

"இந்த வயசுக் காருக்கு ஹீட்டர் ஒரு பேருக்குத்தான்."

"ஸோ நோ."

"கொலிஜுக்கு இதிலதான் போவாள்," என்றார் மரியரட்ணம். "ஒஷாவாவுக்கு. கெதியா ஓட ஏலாத கார். எனக்கு அதுதான் நிம்மதி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "போன கிழமை பூசையில ஃபாதர் பெடியளுக்கு றோயைச் சொல்லித்தான் புத்தி சொன்னவர். வேகத்தால ஒரு குடும்பம் எப்பிடி அழியுது எண்டு. கிளடிஸ், பெத்த தாயெல்லே, எழும்பி வெளியால போயிட்டாள். பாவம், அவர் நல்லதுக்குத்தான் சொன்னவர். உண்மையும் அதுதானே."

ஜுனைட் பலகையில் படுத்துக் காருக்குக் கீழே உருண்டு போனார். நான்கு தகடுகள். முன் சட்டத்தில் இரண்டு, பின் வில்லுகள் பூட்டும் இடத்தில் இரண்டு. அதே கறுப்புப் பெயின்ற், அதே அழகான வரிசை.

வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"இதை நான் கொண்டு போறன் அண்ணை. என்ர பெரிய மெசினால ஒருக்காத் திருப்பி ஒட்டித் தாறன். எனக்கும் இப்ப வேலை குறைவு."

"ஏன்?"

"கொஞ்சம் பலமா இருக்கும்."

"மற்றதைத் தாங்கினது இதைத் தாங்காதோ?" மரியரட்ணம் சிரித்தார். "அதே மெசின். அதே கம்பி. அதே கை. என்ன ஜுனைட், கோழி களவெடுத்த ஆள் மாதிரி நிக்கிறீர். வாயைத் திறந்து சொல்லுமன்."

சேஃப்ரி தரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இவர் இதை வேறு கராஜுக்குக் கொண்டு போவார். அங்கேயும் பக்கத்தில் நிற்பார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"றஜிதா, உள்ள போம்மா. சத்தமா இருக்கும்."

அவள் போனதும் கேட்டார். "உளி இருக்கோ அண்ணை? ஒரு சுத்தியலும்."

மரியரட்ணம் எடுத்துக் கொடுத்தார். "பாத்து. பெயின்ற் இன்னும் காயேல்லை."

"ஓம்."

ஜுனைட் மறுபடி உள்ளே போனார். முன் இடது தகட்டின் ஓரத்தில் உளியை வைத்து அடித்தார். முதல் அடியில் பெயின்ற் உதிர்ந்தது. இரண்டாவதில் ஒரு மூலை எழும்பியது. ஐந்தாவது அடியில் தகடு முழுதாகக் கழன்று சீமெந்துத் தரையில் விழுந்து சுழன்று நின்றது.

ஒரு கை வந்து அதை எடுத்தது. மரியரட்ணம் மார்க்கம் நகரில் உள்ள தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக இரும்பு வெட்டும் மெசினில் நிற்பவர். அந்தத் தகட்டின் பின்பக்கத்தை அவருக்கு விளக்க ஆள் தேவையில்லை.

காருக்குக் கீழே கிடந்த ஜுனைட்டுக்கு அவருடைய சப்பாத்துகள் மட்டும் தெரிந்தன.

"அதுவும் இப்பிடித்தானோ?"

"ஓம் அண்ணை. அதுவும்."

ஹீட்டர் இரைந்தது.

"அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?"

"உங்களுக்காக எண்டு நினைச்சன்." ஜுனைட் உளியைத் தரையில் வைத்தார். "எனக்காகவும்தான். மே மாசம் நான் தட்டிப் பாக்கேல்லை. ஒரு தட்டுத் தட்டியிருந்தா அண்டைக்கே கழண்டிருக்கும்."

"ஏன் தட்டேல்லை?"

"நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள். புதுப் பெயின்ற்."

சப்பாத்துகள் அசையவில்லை.

"அப்ப அவன் வேகமா ஓடேல்லையோ?"

"அது எனக்குத் தெரியாது அண்ணை. ஆனா வேகத்தால போகேல்லை. அந்தத் தகடு விட்டா அம்பதிலயும் சில்லு பின்னுக்கு இழுபடும். ஸ்டியரிங்கை எவ்வளவு பிடிச்சாலும் நிக்காது."

தகட்டைப் பணிமேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மரியரட்ணம் சொன்னார்.

"மற்றதுகளையும் அடியும்."

ஜுனைட் அடித்தார். இரண்டாவது தகடு நாலு அடியில் வந்தது. மூன்றாவதும் அப்படியே. நாலாவதில் ஒரு விரல் நீளத்துக்கு வெல்டிங் உள்ளே இறங்கியிருந்தது. அந்த இடம் மட்டும் வரமாட்டேன் என்று நின்றது. மரியரட்ணம் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"உது மட்டும் சரியாப் போட்டிருக்கிறன்," என்றார்.

ஜுனைட் வெளியே வந்து தன் காரின் பின்பெட்டியைத் திறந்து துணிச் சுற்றைக் கொண்டுவந்தார். டட்சனின் தகடு. ஓரத்தில் தோடம்பழ மஞ்சள் கோடு ஒன்று இருந்தது.

"இதைப் பொலிசுக்குக் குடுங்கோ. என்ர பேரையும் சொல்லுங்கோ. நானும் வந்து சொல்லுவன்."

"உம்மட லைசன்ஸ்?"

"போகும்."

மரியரட்ணம் தகட்டை வாங்கி ஜக்கற்றில் துடைத்தார். ஏற்கெனவே துப்புரவாகத்தான் இருந்தது.

"வாரும் உள்ள. எனக்குச் சொன்னதைக் கிளடிஸுக்கும் சொல்லும். நான் சொன்னா என்ர வாயால வராது."

கிளடிஸ் குசினி மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தேவாலயத்துக்குக் கட்டிய சேலையை இன்னும் மாற்றவில்லை. ஜுனைட் நின்றபடியே சொன்னார். ஒட்டு, சேஃப்ரி, ஜனவரியில் சொன்ன பொய். எதையும் விடவில்லை. மரியரட்ணம் கழுவுதொட்டிப் பக்கம் திரும்பி நின்றார். றஜிதா படிக்கட்டில் பாதி வழியில் நின்று கேட்டாள்.

கிளடிஸ் புருஷனைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த தகட்டையே பார்த்தார். அதைத் தொடவில்லை.

"அப்ப பிள்ளையில பிழையில்லை."

"இல்லை அக்கா."

"ரெண்டு மாசமா நான் அவனைப் பேசிக்கொண்டு கிடக்கிறன். கல்லறையில போய் நிண்டும் பேசினனான்." கத்தியைக் கீழே வைத்துக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "ஃபாதரின்ர நம்பரைத் தாங்கோ."

"கிளடிஸ், இப்ப மத்தியானப் பூசை நேரம்," என்றார் மரியரட்ணம்.

"பூசை முடியட்டும். மெசேஜ் வைக்கிறன். வாற ஞாயிறு அதே இடத்தில நிண்டு அவர் சொல்ல வேணும். அவன் வேகத்தால சாகேல்லை எண்டு."

"சொன்னா, ஏன் செத்தவன் எண்டு கேப்பினம்."

"கேக்கட்டும்."

றஜிதா படிக்கட்டிலேயே குந்திவிட்டாள். ஜுனைட் வாசலையும் மேசையையும் மாறிமாறிப் பார்த்தார். போகலாமா என்று கேட்க அது நேரமாக இருக்கவில்லை.

மரியரட்ணம் ஃபிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டியிருந்த, தேவாலயத்தின் பங்குத் தாளை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். கிளடிஸ் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மரியரட்ணம் ஃபாதரின் இலக்கங்களை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், வாசித்துக் கொடுத்தார்.