உண்ணி விழுந்த பெட்டிகள்

தேன்பெட்டியிலிருந்து அடை கட்டிய மரச்சட்டத்தைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள் பொன்மணி. அடைமேல் ஓடிய தேனீ ஒன்றின் முதுகில் எள்ளைவிடச் சின்னதாக, செம்பழுப்பில் ஒன்று அப்பிக்கொண்டிருந்தது. உண்ணி. நாய்க்காதில் மண்டிக் கிடக்குமே, அதே வகையறா. தேனீ உதறிப் பார்த்தது. சனியன் அசையவில்லை.

ஈர்க்குச்சியால் மூடிக்கிடந்த ஒரு புழு அறையைக் கீறினாள். உள்ளே கண்கூட நிறம் பிடிக்காத குஞ்சு, அதன் கழுத்தில் மூன்று உண்ணிகள். அடுத்த அறையிலும் அதே கதை. பெட்டி வாசலில் சிறகு சுருண்ட தேனீக்கள் பறக்க மாட்டாமல் மண்ணில் ஊர்ந்துகொண்டிருக்க, எறும்புகள் அவற்றை உயிரோடு இழுத்துப் போயின. காறித் துப்பிவிட்டு அடுத்த பெட்டியைத் திறந்தாள். அதிலும் இருந்தது.

வெடிக் கம்பெனியை உதறிவிட்டு, காதில் கிடந்ததை விற்று வாங்கிய பெட்டிகள் அவை. கம்பெனியில் இருந்த வரைக்கும் கந்தகம் நகக்கண்ணில் ஏறி, பிசைந்த சோறெல்லாம் நாறும். எந்த சோப்புக்கும் மசியாது. அந்த நாற்றம் பொறுக்காமல்தான் தேனுக்கு வந்தாள். வந்த இடத்தில் உண்ணிக்கு என்ன மருந்து? தேனீ வளர்க்கப் பயிற்சி கொடுத்தவர்கள் சொன்னது அதே கந்தகம்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அவளுக்கு.

கூட்டம் சிறுத்திருந்ததால் தேனுக்கென்று தனியாக மேலடுக்கு ஏற்றவில்லை. புழுவும் தேனும் ஒரே சட்டத்தில் இருந்தன. தேன் இன்னும் முற்றவில்லை, எடுக்கவும் முடியாது. இப்போது கந்தகம் தூவினால் இந்தத் தேன் மனுசர் வாயில் படக்கூடாது. தூவாவிட்டால் தேனீயே மிஞ்சாது.

பெட்டிகள் இருந்தது அச்சங்குளத்தில், சிவபாண்டியின் முருங்கைத் தோட்டத்தில். வாடகை கிடையாது. தேனீ வந்ததில் முருங்கை நன்றாகக் காய் பிடித்தது, அதோடு பங்குனிப் பொங்கலில் அம்மன் அபிஷேகத்துக்குத் தேனும் கிடைத்தது. அந்தத் தோட்டத்தில் தண்ணீர் குடிக்க எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர், பொன்மணிக்கு மட்டும் பேப்பர் கப். ஆனால் தேனுக்குத் தீட்டு இல்லையாம், பூச்சி செய்கிற பண்டமாம். அப்படியும் அவள் சட்டத்தை எடுத்துக் கொடுப்பதோடு சரி. தேன் பிழியும் டிரம்மைச் சுற்றுவது சிவபாண்டியின் ஆள் மாரிசாமிதான். என்ன நியாயமோ!

உண்ணி விழுந்ததைச் சொன்னபோது சிவபாண்டி கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பொங்க முடியுற வரைக்கும் மருந்து கிருந்து படக்கூடாது. என் தோட்டத்துத் தேன்லதான் அபிஷேகம்னு ஊர்ல சொல்லியாச்சு."

"அதுவரைக்கும் தாங்காது மொதலாளி. பாதிக் கூட்டம் போயிருச்சு."

"சாமி காரியம் பொன்மணி. சுத்தம் வேணும். மருந்து போடுறதா இருந்தா பெட்டியத் தூக்கிக்கிட்டு வேற எடம் பாத்துக்க."

சுத்தமாம். அந்தக் கோயில் வாசல்படியை அவள் தெருவில் ஒருத்தரும் மிதித்ததில்லை.

அவள் புருசன் செல்வக்குமார் இன்னும் கம்பெனியில்தான் இருந்தான். "பொறுத்துப் பாரு. இந்தத் தோட்டமும் போச்சுன்னா எங்கன கொண்டுபோயி வைப்ப?" என்றான்.

"செத்த பெட்டிய எங்கன வச்சா என்ன? கந்தகம் கொண்டாங்க. கலவை ரூம்ல கூட்டுனத அள்ளிக்கிட்டு வந்துறாதீக. வெடியுப்பு கலந்திருந்தா தேனீக்குப் புகை போடுற நெருப்புக்குப் பெட்டியும் நானும் சேந்து போயிருவோம்."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். மறுநாள் புதுமூட்டை பிரித்த கந்தகத்தை ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்தான்.

மூடியைத் திறந்ததும் பழைய நாற்றம் தொண்டையில் ஏறியது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, மெல்லிய துணியில் கந்தகத்தைப் பொட்டலம் கட்டி, சட்டங்களின் மேல்கட்டையில் தட்டித் தட்டித் தூவினாள். பெட்டியே இரைந்தது. அடியில், அச்சு பிசகிய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தில் எண்ணெய் தடவி விரித்திருந்தாள். மறுநாள் உருவிப் பார்த்தால் தாளெல்லாம் உண்ணி, சிலது இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. குமட்டக் குமட்ட ஒவ்வொன்றாக நகத்தால் நசுக்கினாள். அதில் ஒரு திருப்தியும் இருந்ததை மறைப்பானேன்?

பொங்கலுக்கு முந்தின நாள் சிவபாண்டி புதுக் குடமும் மாரிசாமியுமாக வந்து நின்றார். பொன்மணி ஒளிக்கவில்லை.

"எல்லாப் பெட்டியிலயும் மருந்து போட்டாச்சு மொதலாளி. இந்தத் தேன் ஆகாது."

வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று நினைத்தாள். அவரோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யார்ட்டயும் சொன்னியா?"

"இல்ல."

"அப்ப விடு. அம்மன் என்ன டெஸ்ட் பண்ணியா பாக்கப்போகுது? ஏலே மாரிசாமி, வீட்டுக்கு மட்டும் இதுல எடுக்காத. பேரப்புள்ளைக திங்கும்."

உண்ணியைப் பார்த்தபோதுகூட வராத அளவுக்கு அருவருப்பு பொன்மணிக்கு அப்போது வந்தது. அபிஷேகமான தேனும் பழமும் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியாதா? வாளியில் வாங்கிப் பிசைந்து, வாசலுக்கு வெளியே நிற்கிற அவள் தெருப் பிள்ளைகள் கையில்தான் கரண்டி கரண்டியாக விழும்.

"தர மாட்டேன்," என்றாள்.

"அப்படியா? இன்னைக்கே பெட்டியெல்லாம் வெளிய போயிரணும்."

லோடு ஆட்டோவுக்கு அலைந்துவிட்டு அவளும் செல்வக்குமாரும் பொழுது சாயத் திரும்பினார்கள். பெட்டிகளின் மூடிகள் கோணலாகக் கிடந்தன. மாரிசாமிக்குத் தேன் அடை எது, புழு அடை எது என்று என்ன தெரியும்? மொத்தச் சட்டத்தையும் டிரம்மில் போட்டுச் சுற்றியிருக்கிறான். கழுவாத டிரம்மின் அடியில் வெள்ளைப் புழுக்கள் நசுங்கிக் கூழாகத் தேனோடு ஒட்டிக் கிடந்தன. கந்தகத்தின் மஞ்சள் தூளும் திட்டுத்திட்டாக இருந்தது. பொன்மணி வேலியோரம் போய் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, மிஞ்சிய தேனீக்கள் கூடு அடையும்வரை காத்திருந்து பெட்டிகளை ஏற்றினாள். நாரணாபுரம் கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டில் இறக்கி வைத்தார்கள்.

மறுநாள் கொட்டு முழங்கியது, அபிஷேகம் ஆனது. சிவபாண்டி பட்டு வேட்டியும் சந்தனமுமாக வாளியோடு வாசலுக்கு வந்தார். இந்த வருசம் தன் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று ஆசை அவருக்கு. பிள்ளைகள் முண்டியடித்துக் கை நீட்டின. பொன்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, தானும் கையை நீட்டினாள். அவர் கரண்டியைத் தூக்கியதும் கையை மடக்கிக்கொண்டாள்.

"மொதல்ல நீங்க ஒரு வாய் தின்னுங்க மொதலாளி."

"என்ன பேச்சு இது? ஒதுங்கு."

"மருந்து போட்ட பெட்டித் தேன் இது. புழுவோட சேத்துப் பிழிஞ்சது. வீட்டுக்கு வேண்டாம்னு நீங்கதான சொன்னீக? அம்மன் பிரசாதம்தான, ஒரு வாய் தின்னுங்க. பெறகு எங்க புள்ளைகளுக்குக் குடுங்க."

கொட்டுக்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டார். கரண்டியிலிருந்து பஞ்சாமிர்தம் வாளிக்குள் சொட்டியது. கோயிலுக்கு உள்ளே நின்றவர்களும் வெளியே நின்றவர்களும் சிவபாண்டியின் வாயையே பார்த்தார்கள். அவருக்கு நெற்றிச் சந்தனம் வேர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. கரண்டியை வாய்வரைக்கும் கொண்டுபோனார். உதடு திறக்கவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கையைப் பாவாடையிலும் டவுசரிலும் துடைத்துக்கொண்டன.