ஊசி படாத சட்டை

நான் தைத்துக் கொடுத்த துணி எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. அப்படி வந்திருந்தால் அது உடுத்தியவர் உடம்பில் இருந்த கோளாறு. இந்த நம்பிக்கையோடுதான் எழுபத்தொன்பதாம் வருடம் மலைமேல் ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில், கருப்பன் வீட்டுப் புளிக் கொட்டகையின் ஒரு மூலையில் மிஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் நான் ஒருவன்தான் டெய்லர். போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் முதலாவதாக வருவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்தமான வேலை.

மார்கழி பிறந்த கையோடு கருப்பன் மனைவி பச்சையம்மாவுக்கு மாதம் நிறையாமலே ஒரு பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். ஒரு முழங்கை நீளம் இருந்தால் அதிகம். வந்து பார்த்த நர்சம்மா யாரையும் பயமுறுத்தவில்லை.

"மூச்சு நல்லா இருக்கு, பாலும் குடிக்குது. உடம்புச் சூடு மட்டும் இறங்கக் கூடாது. காலைத் தொட்டுத் தொட்டுப் பாருங்க. சில்லுனு ஆயிட்டா பால் இழுக்கத் தெம்பு இருக்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தார்.

மலையில் மார்கழி என்றால் என்னைப் போன்ற கொழுத்த ஆளுக்கே பல் தந்தியடிக்கும். குழந்தையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். சுண்டுவிரல் கனமுள்ள அந்தக் கால் ஒரு உதை விட்டால் சுற்று அவிழ்ந்துவிடும். பச்சையம்மா திரும்பச் சுற்றுவாள். அது திரும்ப உதைக்கும். இத்தனைக்கும் நடுவில் அவள் கண்ணை மூடி எத்தனை நாளாயிற்றோ. நானும் காலைத் தொட்டுப் பார்த்தேன். ஓடைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது.

"கவலைய வுடு கருப்பா. டெய்லரு இருக்கிற எடத்துல கொழந்த குளிர்ல கெடக்கலாமா?" என்று சொல்லிவிட்டு வந்து, அடுப்பில் கஞ்சி கொதிப்பதற்குள் பிளானல் துணியில் ஒரு சட்டை தைத்து எடுத்துப் போனேன்.

வாசலில் சாந்தம்மாள் மறித்தாள். கருப்பனுக்கு அக்கா, குழந்தைக்கு அத்தை. அந்த வீட்டுக்குக் கருப்பன் தலைவன் என்பது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

"இன்னா டெய்லரே அது?"

"கொழந்தைக்கு சட்டக்கா."

"ஊசியால தெச்சதா?"

"பின்ன? பல்லால கடிச்சா ஒட்ட வெச்சிருப்பேன்?"

"அப்ப உன் வூட்டுலயே வெச்சிக்கோ."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவர்கள் வீட்டு வழக்கம் அது. குலசாமிக்குக் குழந்தையின் முடியை இறக்கும்வரை ஊசி பட்ட துணி அதன் மேல் படக் கூடாது. முடி இறக்குவது தை மாதக் கடைசியில். அதுவரைக்கும் சுற்றுத் துணிதான்.

"குளிருக்கு உங்க வழக்கம் தெரியுமாக்கா?" என்றேன்.

"சாமிக்குத் தெரியும்" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுப்பில் துணியைக் காட்டிக் காட்டி அந்தச் சின்னக் காலுக்கு ஒற்றடம் கொடுத்துக்கொண்டிருந்தவளும் அவள்தான். அவள் கை வெந்து சிவந்திருந்தது. பயம் எனக்கு இருந்ததைவிட அவளுக்கு அதிகம். அதனால்தான் சாமியையும் பகைத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை.

சட்டையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து என் மனைவி ஜோசபினிடம் புலம்பினேன். ஜோசபின் கன்னிமார் மடத்து போர்டிங்கில் வளர்ந்தவள். அங்கே, கொக்கி ஒன்றால் நூலை வளைத்துப் போடும் குரோஷா பின்னல் கற்றுக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் ரேடியோவுக்கு உறை, தண்ணீர்ப் பானைக்கு மூடி, என் மிஷினுக்கு ஒரு போர்வை என்று எல்லாவற்றையும் மூடிவிட்டாள். நான் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால் எனக்கும் ஒன்று போட்டுவிடுவாள் என்ற பயத்தில்தான் நான் இவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறேன்.

"ஊசி வேணாம்னா ஊசி இல்லாமலே போட்டுட்டாப் போச்சு" என்றாள். "கழுத்துல ஆரம்பிச்சு வட்டமா சுத்திக்கினே கீழ எறங்கணும். தோளு, மாரு, முதுகு எல்லாம் ஒரே துண்டு. கைக்கு மட்டும் எடம் வுட்டுட்டு ஒடம்ப முடிக்கணும். அப்புறமா அந்த எடத்துல நூலப் புடிச்சு கையப் போடணும். ஒட்டறதுக்கு எதுவுமே இல்ல. தைக்கிறதுக்கு எங்க எடம்?"

"தையலே இல்லாட்டி அது சட்டையில்ல ஜோசபின், மீன் வலை."

 அவள் திருப்பத்தூரில் வாங்கி வைத்திருந்த கத்திரிப்பூ நிற உல்லன் நூலை எடுத்துக்கொண்டு நேராகச் சாந்தம்மாளிடம் போனாள். நானும் வேடிக்கை பார்க்கக் கூடவே போனேன்.

சாந்தம்மாள் குரோஷா கொக்கியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். உள்ளங்கையில் குத்திப் பார்த்தாள். குத்தவில்லை. வெளிச்சத்தில் தூக்கிக் காதைத் தேடினாள். காதும் இல்லை.

"இது ஊசி இல்ல. புளி உலுக்கற தொரட்டி குட்டி போட்டா மாதிரி கீது" என்றாள். தீர்ப்பு ஆயிற்று. அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் அதற்குப் பெயர் தொரட்டிதான்.

ஜோசபின் அங்கேயே பச்சையம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்து, ராத்திரி வீட்டில் சட்டையை முடித்துவிட்டாள். நூலின் வால் நுனியைக்கூட ஊசி தொடாமல் தொரட்டியாலேயே உள்ளே இழுத்து மறைத்தாள். மறுநாள் காலையில் அவள் படவேட்டுப் பக்கம் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸ் பாட்டுக் கோஷ்டியில் அவள் இல்லாவிட்டால் மற்றவர்கள் சுருதியோடு பாடிவிடுவார்கள் என்று பயம். பஸ் ஏறும்போது சட்டையை என் கையில் கொடுத்துச் சொன்னாள்:

"அப்படியே கொண்டுபோய்க் குடுங்க. உங்க கைவேலை எதையும் காட்டாதீங்க. நாளைக்கு சாயங்காலம் வந்துடுவேன்."

நான் எதையும் செய்வதாக இல்லை. கொட்டகையில் உட்கார்ந்து சும்மா பிரித்துப் பார்த்தேன், அவ்வளவுதான். தலை நுழைவதற்காகக் கழுத்தின் பின்பக்கம் சின்னதாக வாய் விட்டிருந்தாள். அதை மூட இரண்டு கயிறு. கயிறு! ஒரு டெய்லர் வீட்டிலிருந்து கயிறு கட்டிய சட்டை போவதா? டப்பாவில் முத்து மாதிரி மின்னும் பித்தான் ஒன்று இருந்தது. கை தானாக அதை எடுத்தது. இன்னொரு கை தானாக ஊசியில் நூல் கோர்த்தது. என் இரண்டு கைகளும் மிக நல்ல கைகள்; தலையிடம் கேட்டுக்கொண்டு செய்யும் பழக்கம் மட்டும் அவற்றுக்குக் கிடையாது.

கழுத்தில் பித்தானோடு சட்டை எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. கருப்பன் வீட்டில் அதை விரித்துக் காட்டினேன். சாந்தம்மாள் வாங்கித் தடவிக்கொண்டே வந்தவள் கழுத்தில் கையை நிறுத்தினாள்.

"இன்னா டெய்லரே, சட்டைல காய் காய்ச்சிருக்குது?"

"முத்துப் பித்தானுக்கா. வேலூர் சரக்கு."

"இத எத்தால வெச்சே?"

என் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த ஊசியை மூடியது.

"எடுத்துட்றேன்கா. ஒரு நிமிசம். பிளேடு வெச்சு..."

"எடுத்தா மட்டும்? பட்டது பட்டதுதானே? ஓட்ட போட்டுட்ட இல்ல?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கருப்பன், வீட்டுக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை மெல்லிசாக ஒரு அழுகை அழுதது. அழுகையா, பூனைக்குட்டி கொட்டாவியா என்று சொல்ல முடியாது. பச்சையம்மா அதன் காலைத் தொட்டாள்.

"சில்லுனு கீது" என்றாள். "காலைலேர்ந்து சரியா பாலு இழுக்கல."

 காலை விடாமல் சாந்தம்மாளைப் பார்த்தாள்.

"அண்ணி, ஜோசபின் அக்கா பின்றத நான் படுத்துக்கினே பாத்தேன். நுனியப் புடிச்சு இழுத்தா முழுசும் நூலா வந்துடுமாமே. அப்படியா டெய்லரண்ணா?"

"வரும்மா."

"நூலா ஆயிட்டா சட்ட ஏது அண்ணி? அந்த ஓட்ட எங்க இருக்கும்? நூல்ல ஓட்ட தேடுவீங்களா?"

சாந்தம்மாள் சட்டையைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், மேலே கூரையையும் ஒரு தடவை பார்த்தாள். சாமியிடம் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவசரப்படுத்தவில்லை.

"பிரி" என்றாள். "என் கண்ணெதிர்ல பிரி. பித்தான இங்க குடு." பித்தானை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வால் நுனியைத் தோண்டி எடுத்து இழுத்தேன். முதலில் ஒரு கை காணாமல் போனது, பிறகு இன்னொரு கை, பிறகு வயிறு, மார். ஜோசபினின் உழைப்பு முழுவதும் சுருட்டை முடியாகக் கருப்பன் முழங்காலில் போய்ச் சேர்ந்தது. கடைசியில் கழுத்தும் போயிற்று. ஓட்டை எங்கேயும் இல்லை. நானும் தேடிப் பார்த்தேன்.

"ஜோசபின் நாளைக்குத்தான் வருவா" என்றேன்.

"நீ கீறியே" என்றாள் சாந்தம்மாள்.

"நான் டெய்லருக்கா."

"ஊசி புடிக்கிற கை தொரட்டி புடிக்காதா? போய் எடுத்துக்கினு வா."

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒரு மழைக்காலத்தில் மிஷின் பெல்ட் அறுந்து சும்மா இருந்தபோது ஜோசபின் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். நான் ஒரு தொப்பி பின்னினேன். அவள் அதை வைத்துப் பாத்திரம் தேய்த்தாள். நன்றாகத் தேய்த்தது. அந்த அனுபவத்தை நம்பித்தான் தொரட்டியோடு அவர்கள் அடுப்படியில் உட்கார்ந்தேன். பச்சையம்மா குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு எதிரில் சாய்ந்திருந்தாள்.

நூலால் சங்கிலி போட்டு, இரண்டு முனையையும் சேர்த்து வளையம் ஆக்கினேன். தலையில் வைத்துப் பார்த்தோம்.

"மூக்குல நிக்குது" என்றாள் சாந்தம்மாள்.

இழுத்தேன். மறுபடி போட்டேன். இந்தத் தடவை தலை போனது. தோளுக்காக நாலு மூலையில் பின்னல் கண்களைக் கூட்டிக்கொண்டே சுற்றினேன். எத்தனை கண் என்று கேட்காதீர்கள். சாந்தம்மாள் பேசும்போதெல்லாம் எனக்குக் கணக்கு விட்டுப்போகும். அவள் பேசாத நேரமே இல்லை. ஒரு கட்டத்தில் சட்டை குடை மாதிரி விரிந்தது. இழுத்துவிட்டேன். திரும்பப் போட்டேன். என் தொழிலில் இந்தச் சலுகை கிடையாது. கத்திரி ஒரு தடவை வாய் வைத்தால் வைத்ததுதான். இங்கே தப்பு செய்தவனுக்கு நூல் முழுசாகத் திரும்பி வருகிறது. டேப்பும் வேண்டாம். நாலு சுற்றுக்கு ஒரு தடவை குழந்தைமேல் வைத்துப் பார்த்தால் போதும்.

கைக்கு இடம் விட்டேன். உடம்பைப் பிடித்து இறங்கினேன். எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் போய்க்கொண்டே இருந்தேன். மாடுகள் திரும்பும் நேரத்தில் தொரட்டியைக் கீழே வைத்தபோது, கையே இல்லாத ஒரு நீளமான பை என் மடியில் கிடந்தது.

மாட்டினோம். கழுத்திலிருந்து பாதத்துக்கும் கீழேவரை குழந்தையைக் காணோம். அது உதைத்தது. எதுவும் அவிழவில்லை. இன்னும் ஒரு உதை. அப்புறம் ஏமாந்துபோன மாதிரி முகத்தைச் சுளித்துவிட்டுச் சும்மா கிடந்தது. பச்சையம்மா மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு அதை மாரில் சேர்த்து வைத்தாள். நான் அடுப்படி மூலையில் அடுக்கியிருந்த புளி மூட்டைகளின் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அவ்வளவு நேரம் புளி மூட்டையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"அண்ணி" என்று குரல் வந்தது. "இழுக்குது."

இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"காலத் தொட்டுப் பாருங்களேன்."

சாந்தம்மாள் பைக்குள் கையை விட்டாள். கையை வெளியே எடுக்கவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "டெய்லரே, கஞ்சி குடிச்சிட்டுப் போ" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் ஜோசபின் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அங்கே வந்தாள். தன் சட்டையைத் தேடினாள். என் சட்டையைப் பார்த்தாள்.

"இது இன்னாங்க? சுரக்காய்க்கு உறையா?"

நடந்ததைச் சொன்னேன். சாந்தம்மாள் நடக்காததையும் சேர்த்துச் சொன்னாள். ஜோசபின் சிரித்து முடித்துவிட்டுக் கை போட உட்கார்ந்தாள்.

"கழட்டிக் குடுங்கக்கா."

"கழட்டாதே. தூங்குது."

அதனால் குழந்தை தூங்கத் தூங்க, அது போட்டிருந்த சட்டைக்கே தோளில் நூலைப் பிடித்து வலது கையைப் பின்னி முடித்தாள். பிறகு தொரட்டியை என்னிடம் நீட்டினாள். "எடது கை நீங்க. அப்பத்தான் புத்தி வரும்." ஆகவே அந்தச் சட்டையின் வலது கை கடையில் வாங்கினது மாதிரி இருக்கும். இடது கை மணிக்கட்டையும் தாண்டி, கைகுலுக்கத் தயாராக நீண்டு நிற்கும். குழந்தை தை மாதம்வரைக்கும் அதைக் கழற்ற விடவில்லை. துவைத்து அடுப்படியில் காய வைத்த நேரமெல்லாம் வீடே அதிரும்படி கத்தியது. மார்கழியில் பூனைக்குட்டி மாதிரி அழுத குழந்தை இது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

தை கடைசியில் முடி இறக்கினார்கள். நான் சுருக்கு வைத்த கவுன் ஒன்று தைத்து எடுத்துப் போயிருந்தேன். போட்டார்கள். மொட்டைத் தலை சிவக்கச் சிவக்க அழுதது. கழற்றிவிட்டுக் கத்திரிப்பூ நிறத்தை மாட்டினதும் நிறுத்திவிட்டது. நான் அதற்காக வருத்தப்படவில்லை. இரண்டுமே நான் செய்ததுதானே?

சாந்தம்மாள் என்னிடம் வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே என் பித்தான்.

"இப்ப தெச்சிக்கோ."

"எங்கக்கா தெக்கிறது? பின்னாடி வாய் வுடவே நான் மறந்துட்டேன். பித்தானுக்கு வேலையே இல்ல."

"மாருல தெய். சும்மா அழகுக்கு."

சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் ஊசியை எடுத்து, ஜோசபின் குழந்தையைப் பிடித்துக்கொள்ள, மார்பில் வைத்துத் தைத்தேன். வழக்கத்தைவிட இரண்டு சுற்று அதிகமாகவே போட்டேன். சாந்தம்மாள் விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"புடுங்கிக்கினு வந்துடாதே?"

"நான் தெச்சது எதுவும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்லக்கா."

அவள் இத்தனை நாள் பித்தானை முடிந்து வைத்திருந்த முந்தானையைப் பார்த்தாள். பித்தானைப் பார்த்தாள். அப்புறம் என்னை.