வைரம் எந்தப் பக்கம்?

டென்மார்க்கில், இக்காஸ்ட் நகரத் தையல் ஆலையில் ஒரு வருடமாக ரீசேட்டுகளுக்குக் கழுத்துப்பட்டி தைத்துத் தைத்து என் மூளை துருப்பிடித்துக் கிடந்தது. 1986 வசந்தத்தில், மர ஆய்வுகூடம் ஒன்றில் இரண்டு வாரம் வேலை செய்து காட்டும்படி நகரசபையான கொம்யூனில் சொன்னார்கள். ஆய்வுகூடத்தாருக்குப் பிடித்தால் நிரந்தர வேலை. இல்லையென்றால் மறுபடியும் கழுத்துப்பட்டிதான்.

அமெரிக்காவில் பழைய காட்டை வெட்டியபின், அடிக்கட்டைகளிலிருந்து திரும்பத் துளிர்த்து வளர்ந்த ரெட்வுட் மரங்களின் வட்டத்துண்டுகள் நாற்பது வந்திருந்தன. லென்ஸ் வைத்து வளையங்களை எண்ண வேண்டும். வருடத்துக்கு ஒரு வளையம். பிறகு, நீர் ஏறுகிற இளம்பகுதி எத்தனை மில்லிமீற்றர், இறுகிப்போன வைரம் எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்து அட்டவணையில் எழுத வேண்டும். "நிறம் மாறுகிற இடம்தான் எல்லை" என்று காட்டிவிட்டு ஆய்வாளர் கிர்ஸ்டன் போய்விட்டார்.

நடு கருஞ்சிவப்பு, ஓரம் வெளிறல். இதில் எது வைரம்? கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடுவாரே! வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து கணவரைக் கேட்டேன். அந்தோனிதாசன் யாழ்ப்பாணத்தில் பனை அறுத்துக் கூரைச் சலாகை விற்றவர்.

"இதென்ன கேள்வி அமலராணி? வெளியிலதான் வைரம். நடுவில வெறும் மெத்தென்ற சோத்தி."

"இது பனை இல்லையப்பா."

"மரத்தைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வராதேயும்!"

மரக்காரர் சொல்கிறாரே என்று நானும் நம்பினேன். வெளிறிய ஓரத்தையெல்லாம் வைரம் என்றே எழுதிக்கொண்டு போனேன்.

இரண்டாம் வாரம் வியாழக்கிழமை நாற்பதாவது துண்டை எடுத்தேன். ஓரம் முழுக்கப் பூச்சி துளைத்திருந்தது. சிவந்த நடுவில் ஒரு துளைகூட இல்லை. மெத்தென்ற சோத்தியை விட்டுவிட்டு வைரத்தையா பூச்சி தின்னும்? பனைக்குத்தான் வைரம் வெளியில், இதற்கு நடுவில். நாற்பதும் தலைகீழ்!

அட்டவணை மறுநாள் அமெரிக்கா போகிறது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போய்விடும். அந்தோனிதாசனை மனதுக்குள் ஆசை தீரத் திட்டினேன். ஆனால் தாளில் இருந்தது என் கையெழுத்து. எழுந்து போய், தெரிந்த டெனிஷில் எல்லாவற்றையும் சொன்னேன், பனைமரம் உட்பட.

கிர்ஸ்டன் என் மேசைக்கு வந்து லென்ஸை எடுத்து, துண்டு துண்டாகப் பார்த்தார். நான் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர் அழிறப்பரை எடுத்து, அட்டவணையின் மேலே இருந்த இரண்டு தலைப்புகளை மட்டும் அழித்து இடம் மாற்றி எழுதினார்.

"எல்லைகள் எல்லாம் சரி. பெயர்தான் மாறியிருக்கிறது. எது வைரம் என்று சொல்லாதது என் பிழை. திங்கட்கிழமை இன்னும் அறுபது துண்டு வருகிறது. எட்டு மணிக்கு வந்துவிடு."

ஆலையில் ஊசி விரலில் ஏறியபோதுகூட அழாத நான், அங்கே நின்று விம்மி விம்மி அழுதேன். கிர்ஸ்டன் பதறிப்போனார்.

"என்ன, வேலை பிடிக்கவில்லையா?" என்று கேட்டார்.