நட்சத்திரக் கவுனும் பகல் தூக்கமும்

கடலூர் முதுநகரில் மாலதி கையால் தைத்த கவுனை யார் மாட்டிக்கொண்டாலும் அவரைச் சுற்றி ஒரு கூடத்தின் அளவுக்கு இரவாகிவிடும். கத்திரி வெயிலானாலும் சரி, அந்த வட்டத்துக்குள் பல்லி கத்தும், கொசு வரும், மெலிசாகக் குளிரும். கையை வெளியே நீட்டினால் சுடும். தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதனால் கரண்ட் பில் ஏறுமா என்று மட்டும் பக்கத்து வீட்டில் கேட்டார்கள். ஏறாது என்றதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

எல்லாம் கார்னிவலால் வந்தது. கோடை விழாவுக்கு வெள்ளி கடற்கரையில் மாறுவேட ஊர்வலம் உண்டு, உடையை அவரவரே செய்திருக்க வேண்டும் என்று விழாக் குழுவின் பொன்னுரங்கம் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாலதியை ஊர் நின்று பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவையாவது பார்க்கட்டுமே என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. போனில் தேடியபோது வான்கோவின் விண்மீன் இரவு ஓவியம் கிடைத்தது. நீல வானம் சுழன்று சுழன்று ஓட, நட்சத்திரங்கள் எண்ணெயில் விட்ட முறுக்கு மாதிரி பொரிந்துகொண்டிருந்தன. மறுநாளே பஸ் ஏறிச் சிதம்பரம் கீழ வீதிக்குப் போய்க் கருநீலத் துணி எடுத்தாள். மஞ்சளில்தான் சிக்கல். கடைக்காரர் காட்டிய எந்த மஞ்சளும் அந்த மஞ்சளாக இல்லை. புதுத்துணி உடுத்தும் முன் ஓரத்தில் மஞ்சள் தடவுவது எல்லா வீட்டிலும் வழக்கம். மாலதி ஓரத்தோடு நிற்காமல், வெள்ளைத் துணியில் வெட்டிய நட்சத்திரங்களுக்கும் நிலாவுக்கும் அதே மஞ்சளைக் குழைத்துப் பூசித் தைத்துவிட்டாள்.

அவள் புருஷன் சிலம்பரசனுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் நிரந்தரமாக நைட் ஷிப்ட். பகலில் தூக்கம் வருவதில்லை. ஜன்னலுக்குப் போர்வை கட்டினான், கண்ணுக்குத் துண்டு கட்டினான், ஒன்றும் நடக்கவில்லை. வேலை முடிந்து வரும்போது கண் சொருகி ஒரு நாள் பைக்கோடு வாய்க்காலில் இறங்கினான். அடுத்தது லாரியாக இருந்தால் என்ன செய்வது என்று மாலதி தினமும் காலையில் வாசலில் வந்து நின்றாள். இப்படி இருக்கையில் ஒரு காலை, அளவு பார்க்கக் கவுனை மாட்டினாள். வீடு இருட்டியது. இட்லி தின்றுகொண்டிருந்தவன் தட்டில் கை வைத்தபடியே குறட்டை விட்டான்.

அன்றிலிருந்து அவன் வந்ததும் அவள் கவுனை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. அவனுக்குக் கன்னத்தில் சதை போட்டது. அவளோ தன் நிலா வெளிச்சத்தில் கத்திரிக்காய் நறுக்கினாள். காயப்போட்ட துணி காய்ந்திருப்பதைப் பார்த்தே வெளியே வெயிலடிக்கிறது என்று தெரிந்துகொண்டாள். 

"நீயே மாட்டிக்கிட்டுப் படேன் மாமா" என்றாள். 

"ஆம்பள கவுனு மாட்டுவானா? ஊரு என்னா பேசும்" என்று மீசையைத் தடவிக்கொண்டான் சிலம்பரசன்.

கார்னிவலுக்கு முதல் நாள் மாமியார் ராசம்மாள், மருமகள் ஊர்வலம் போகிறாளே என்ற பாசத்தில், கவுனை சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டாள். சோப்புப் பட்ட மஞ்சள் சிவக்கும் என்பது தெரிந்தவள்தான், பாசத்தில் மறந்துவிட்டாள். மாலதி அதை மாட்டியதும் இரவுக்குப் பதிலாக விடியற்காலை வந்தது. தெருச் சேவல்களெல்லாம் கூவின. தூங்கலாம் என்று படுத்த சிலம்பரசன் துள்ளி எழுந்து பல் விளக்கினான். மாலதி எலுமிச்சம்பழங்களைப் பிழிந்து தேய்த்துத் தேய்த்து நட்சத்திரங்களை மஞ்சளுக்குக் கொண்டுவருவதற்குள் அவனுக்கு டூட்டி நேரம் வந்துவிட்டது. ஒரு பொட்டுத் தூக்கமில்லாமல் போனான், மறுநாள் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். மாலதி காலை ஊர்வலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"நீ போய்ட்டா நான் எங்க தூங்கறது?" என்றான். 

"நான் போவத்தான் போறேன். தூக்கம் வேணும்னா பின்னாடியே வா" என்றாள். அவள் அப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லை.

தலையணையோடு வந்தான். அவள் கவுனின் இருட்டுக்குள் கடற்கரை மணலை மிதித்ததும் தூக்கம் தள்ளியது. வழியில் நின்ற மீன் வண்டியில் ஏறிப் படுத்தவனை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்த ஓவியத்தில் நட்சத்திரங்களுக்குக் கீழே ஓர் ஊர் தூங்குகிறதல்லவா, அதைத்தான் இவர் தத்ரூபமாக நடிக்கிறார் என்று நடுவர்கள் தீர்மானித்து, முதல் பரிசு சிலம்பரசனுக்கு என்று அறிவித்தார்கள். பொன்னுரங்கம் கோப்பையை அவன் வயிற்றின் மேல் வைத்தார். அது குறட்டைக்கு ஏறி இறங்கியது.

மாலதிக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. சுடிதாருக்கு மேல் போட்டிருந்த கவுனை மேடையிலேயே கழற்றினாள். பதினொரு மணி வெயில் சுள்ளென்று விழ, சிலம்பரசன் ஊர் முன்னால் விழித்தான். 

"பரிசு உனக்குத்தான மாமா. நீயே போட்டுக்க" என்று கவுனை நீட்டினாள். 

அவன் கூட்டத்தைப் பார்த்தான், மீசையைத் தொட்டான். பிறகு, போதும்டா சாமி என்பதுபோல இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். அவள் மாட்டிவிட்டாள். கொக்கி போடுவதற்குள் தூங்கிவிட்டான்.

மாலதி மேடையிலிருந்து இறங்கி வெயிலில் தனியாக நடந்தாள். நட்சத்திரமும் இல்லை, நிலாவும் இல்லை, வெறும் பச்சைச் சுடிதார். கடற்கரை முழுக்க நின்று அவளையே பார்த்தது. கடைசிக் கடை வரை போய், திரும்பியும் நடந்தாள்.

இப்போது வீட்டில் சிலம்பரசனே கவுன் மாட்டிப் படுக்கிறான். முதல் வாரம் மட்டும் கதவைச் சாத்தினான். ஷிப்ட் ஆட்கள் சிலர் பாயோடு வந்து அவன் பக்கத்தில் படுக்கிறார்கள். கவுனின் இடுப்பு மட்டும் அவனுக்கு இறுக்கிப் பிடிக்கிறதாம், அதைக் கொஞ்சம் பிரித்துவிடச் சொல்லியிருக்கிறான்.